காரணம்பேட்டை தாண்டி

சொட்டு விழுகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும் என்று சொல்லிவிட்டுத்தான் மனைவி துளசிமணி போனாள். ஆனால் வெள்ளிங்கிரிக்குச் சொட்டைப் பார்த்தால் காலைப் பார்க்க முடியவில்லை, காலைப் பார்த்தால் சொட்டைப் பார்க்க முடியவில்லை. நாயின் வலது முன்னங்காலில் ஊசியைக் குத்தி, மேலே வெள்ளைப் பிளாஸ்திரியைச் சுற்றி, அந்தக் காலைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள், ஏதோ விளக்கைக் கொடுத்து அணையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்ன மாதிரி. மடக்கினால் சொட்டு நின்றுவிடும், நின்றால் ஊசி அடைத்துக்கொள்ளும், அப்புறம் வேறு நரம்பு தேடவேண்டும், இதன் உடம்பில் இருக்கிற ரத்தத்துக்கு இன்னொரு நரம்பு கிடைக்காதுங்க என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். இருகூர் ரயில்வே கேட்டுக்கு அக்கட்டால் சாக்கடைக் குழிக்குள் ஒரு நாய் விழுந்து கிடப்பதாக ஆட்டோ பால்ராசு போன் செய்திருந்தான். "ரெண்டு மணி நேரத்துல வந்துருவனுங்க. பயப்படாதீங்க, அது கடிக்காது. கடிக்கறதுக்கும் தெம்பு வேணுமல்ல" என்று சிரித்தாள். அப்போது மணி பத்தரை. ஜன்னல் கம்பியில் பாவாடை நாடாவால் கட்டித் தொங்கவிட்ட பாட்டிலில் பாதிக்குக் கொஞ்சம் கீழே மருந்து நின்றது. இரண்டு விநாடிக்கு ஒரு சொட்டு. அவர் பயந்தது கடிக்கு இல்லை. கைக்குள் இருந்த கால் அவ்வளவு லேசாக இருந்தது. ஒரு கால் இவ்வளவு லேசாக இருக்கலாமா, உள்ளே எலும்பு இருக்கிறதா, அல்லது பிளாஸ்திரியின் கனத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேனா என்று நினைத்தார். அப்படியே விரலை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தார், நகர்த்தினால் அது செத்துவிடும் என்பது போல.

நாய்க்குப் பெயர் குளத்துமேடு. பள்ளபாளையம் குளத்துமேட்டில் கிடைத்ததால் குளத்துமேடு. எந்த நாய்க்கும் துளசிமணி டைகர், ராஜா என்றெல்லாம் பெயர் வைக்கமாட்டாள், கிடைத்த இடம்தான் பெயர். பின்கட்டில் இப்போது டோல்கேட் இருக்கிறது, சந்தைப்பேட்டை இருக்கிறது, இரண்டு கண்ணும் தெரியாத தண்ணீர்த்தொட்டி இருக்கிறது. ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டதற்கு, யாராவது தேடிக்கொண்டு வந்தால் எங்கே கிடைத்தது என்று உடனே சொல்ல வேண்டாமா என்றாள். யாராவது தேடிக்கொண்டு வந்தால். அந்த வார்த்தையின் பக்கத்தில் போகாமல் அவர் பாட்டிலைப் பார்த்தார். விழுகிறது. உண்ணிக் காய்ச்சல் இதற்கு. மூன்று நாளைக்கு முன் தூக்கிக்கொண்டு வந்தபோது காதுக்குள்ளே கொத்தமல்லி விதையைக் கொட்டி வைத்த மாதிரி உண்ணி. ஒவ்வொன்றாகக் கிடுக்கியால் பிடுங்கி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டாள், மத்தியானம் ஆரம்பித்து விளக்கு வைக்கிற வரைக்கும், முதுகை நிமிர்த்தாமல். உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினாள். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை. விரலால் ஈறை அழுத்தி எடுத்தால் சிவப்பு திரும்ப வரவேண்டும், எத்தனை சீக்கிரம் வருகிறதோ அத்தனைக்கு உயிர் இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தாள். அழுத்திப் பார்த்தார். அழுத்தின இடம் எது, அழுத்தாத இடம் எது என்றே தெரியவில்லை. முப்பத்துநாலு வருசம் மோட்டார் கம்பெனியில் செப்புக் கம்பிக் காயில் சுற்றிய கை அது, கம்பியைத் தொட்டால் எத்தனை மில்லி என்று சொல்லிவிடும், ஆனால் ஒரு நாயின் ஈறில் அதற்கு ஒன்றும் புரியவில்லை. காலை ஆறரைக்குப் போய் இருட்டுகிற நேரத்துக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை பூராவும் தூங்கின மனுசன். வேலையிலிருந்து நின்று இரண்டு மாசம்தான் ஆகிறது. இந்த இரண்டு மாசத்தில்தான் தன் வீட்டுக்குள் பகலில் என்ன நடக்கிறது என்று பார்த்தார். ஊருக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரி நடப்பது தெரியாமல் பக்கத்து அறையில் படுத்துத் தூங்கியிருக்கிறேன் என்று தோன்றியது.

நாய் பிடிக்கிறவர்கள் எல்லாரும் நாயைப் பார்த்துப் போவார்கள். இவள் போகமாட்டாள். பத்தடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டோரத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிடுவாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்ப்பார்கள், நல்ல சேலை கட்டின பொம்பளை ஏன் சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று. அவள் கொட்டாவி விடுவாள். வேண்டுமென்றேதான். மறுபடி ஒரு கொட்டாவி. நாய்க்கு அது பாஷையாம், நான் உன்னை ஒன்றும் செய்யப்போவதில்லை, எனக்குத் தூக்கம் வருகிறது என்று அர்த்தமாம். கால்மணி, அரைமணி. நாய் தானாகத் தவழ்ந்து வந்து அவள் முழங்கையை மோந்து பார்க்கும். அப்போதும் திரும்பமாட்டாள். போன மாசம் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்தைப்பேட்டையைப் பிடிக்கப் போனபோது அவரும் கூடப் போய் ஒரு மரத்தடியில் நின்றிருந்தார். தோளில் கை நுழைகிற அளவுக்குப் புண், புண்ணுக்குள் புழு, அந்த நாற்றத்துக்குப் பத்தடிக்கு யாரும் நிற்கவில்லை. நாய் அவள் மடியில் தலையை வைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து மருந்தடித்து, வெளியே வந்த புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே, "ஆச்சு கண்ணு, ஆச்சு, இன்னும் சித்தே பொறுத்துக்கோ சாமி" என்று பேசிக்கொண்டே இருந்தாள். மகள் சுகந்தி பிறந்தபோது அந்தக் குழந்தையிடம் அப்படிப் பேசிக் கேட்டது. அதற்கப்புறம் அந்தக் குரல் எங்கே போயிற்று என்று அவர் யோசித்ததில்லை. எங்கும் போகவில்லை, இங்கேதான் இருந்திருக்கிறது, அவர் கம்பெனியில் இருந்த நேரத்தில். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றவருக்கு அப்போது ஒன்று தோன்றியது. இவளை நான் கட்டிக்கொண்டேன் என்று இத்தனை வருசம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஆனால் இப்படிப்பட்ட ஒருத்தி என் வீட்டில் இருக்கிறாள் என்று யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே. பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை தொண்டை வரைக்கும் வந்து, அங்கே ஒரு இடத்தில் சிக்கியது. சிக்குகிற இடம் எப்போதும் ஒன்றுதான். காயில் சுற்றும்போது கம்பியில் ஒரு சிறு மடிப்பு விழுந்துவிட்டால், எத்தனை சுற்று சுற்றினாலும் அந்த மடிப்பின் மேலேயே அடுத்த சுற்றும் ஏறும், மேலே பார்த்தால் தெரியாது, கை வைத்தால் தட்டும்.

நாயின் வயிறு ஏறி இறங்கியது. ஏறி, இறங்கி, ஒரு கணம் நின்றது. மறுபடி ஏறியது. துளசி, நீ சீக்கிரம் வா. இது என் கையில் போய்விட்டால் நான் என்ன சொல்லுவேன். ஏற்கெனவே ஒன்று என் கையில் போயிருக்கிறது. போகவில்லை, நான்தான். இல்லை, அதை இப்போது வேண்டாம். வெயில் ஜன்னல் வழியாக வந்து பாட்டிலில் விழுந்து சுவரில் ஒரு வெளிச்சம் ஆடியது. பின்கட்டில் தண்ணீர்த்தொட்டி ஒருமுறை குரைத்தது, கண் தெரியாததால் அது குரைப்பது கேள்வி கேட்கிற மாதிரி இருக்கும். எல்லா நாயும் என்னிடம் நன்றாகத்தான் பழகுகின்றன, அவற்றுக்குத் தெரியாது. தெரியுமோ என்று முதல் மாசத்தில் பயமாக இருந்தது. மோந்து பார்த்தால் தெரிந்துவிடுமோ, பதினாலு வருசத்து வாசனை கையில் இருக்குமோ என்று டோல்கேட்டுக்குச் சோறு வைக்கும்போது கையைப் பின்னுக்கு இழுத்திருக்கிறார். சோமு. சுகந்திதான் அந்தப் பெயரை வைத்தாள், பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்பில் ஒரு சோமசுந்தரம் இருந்தானாம், அவன் மாதிரியே காது என்று. செவலை நிறம், வலது காது மடிந்து தொங்கும். ஒண்டிப்புதூரில் வாடகை வீட்டில் இருந்தபோது. வீட்டுக்காரருடைய பேத்தியை அது துரத்தியது, கடிக்கவில்லை, துரத்தியதுதான், பாவாடை கிழிந்தது. நாயா வீடா என்று வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டார். சுகந்திக்குப் பத்தாவது பரீட்சை, வேறு வீடு பார்க்க ஆள் இல்லை, துளசிமணி நாயை விடமாட்டேன் என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. யாராவது ஒருத்தர் முடிவு செய்ய வேண்டியிருந்தது. இப்படித்தான் அவர் எப்போதும் தொடங்குவார், யாராவது ஒருத்தர் முடிவு செய்ய வேண்டியிருந்தது என்று. அந்த வாக்கியம் நியாயமாகவே இருக்கும். அதற்கு அடுத்த வாக்கியம்தான் வராது.

சோமுவுக்கு மொபெட் என்றால் உயிர். 'வா' என்றால் வராது, 'ஏறு' என்றால் எங்கே இருந்தாலும் ஓடிவந்து முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். தினமும் சாயங்காலம் கடை வரைக்கும் ஒரு சவாரி. அன்றைக்குக் காலையில் ஏறு என்றதும் அதற்குத் தலைகால் புரியவில்லை, காலையிலேயே சவாரியா என்று. தீபாவளிக்கு மறுநாள். துளசிமணி சுகந்தியைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். திருச்சி ரோட்டில் சூலூர் தாண்டி, காரணம்பேட்டை தாண்டி, அதற்கப்புறமும் கொஞ்ச தூரம். காற்றில் அதன் மடிந்த காது நிமிர்ந்து நிமிர்ந்து விழுந்தது. நடுவில் ஒருமுறை தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தது, இவ்வளவு தூரமா, இவ்வளவு நல்லவனா நீ என்று. அப்படி அது நினைத்திருக்காது. நினைத்தது. ஒரு டீக்கடை, எதிரே கருவேல மரங்கள், கல் உடைக்கிற இடத்திலிருந்து வந்த தூசி. ஒரு பன்னை வாங்கிப் பிய்த்துப் போட்டார். அது குனிந்து தின்கிறபோது வண்டியை உதைத்தார். ஓடி வந்தது. விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு வாலை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தது, ஓடுகிற நாய்க்கு வாலை ஆட்ட முடியுமா, முடிந்தது, அவர் வண்டிக் கண்ணாடியில் பார்த்தார். அப்புறம் கை நீட்டிக் கண்ணாடியை மேலே பார்க்கத் திருப்பிவிட்டார். கண்ணாடியில் வானம் தெரிந்தது. ஒண்டிப்புதூர் வரைக்கும் வானம்தான். கேட்டு திறந்து கிடந்தது, வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவிட்டது போலிருக்கிறது, நான் கம்பெனியிலிருந்து வந்து பார்த்தால் இல்லை. அவர்கள் திரும்பி வந்ததும் இதைச் சொன்னபோது குரல் நடுங்கியது, அதைத் துளசிமணி துக்கம் என்று எடுத்துக்கொண்டு அவர் தோளில் கை வைத்தாள். அழாதீங்க, கெடைச்சுருமுங்க.

சொட்டைக் காணோம். வெள்ளிங்கிரி கண்ணைச் சிமிட்டிப் பார்த்தார். குழாயின் நடுவில் இருந்த சின்னக் குப்பிக்குள் ஒரு துளி முக்கால் உருவத்துக்குத் திரண்டு அப்படியே தொங்கியது, விழவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார், விழவில்லை. காலை அழுத்திவிட்டேனா, கெட்டியாகப் பிடித்துவிட்டேனா. போனை இடது கையால் எடுத்து நம்பரை அழுத்தி, தோளில் இடுக்கிக்கொண்டார். நாலாவது மணிக்குத்தான் எடுத்தாள், பின்னால் ஆட்கள் சத்தம், தண்ணீர்ச் சத்தம், கயிறைப் பிடி என்று பால்ராசு கத்துகிறான். "துளசி, நின்னுபோச்சு" என்றார். எது நின்றது என்று சொல்ல வாய் வரவில்லை. "சொட்டா, மூச்சா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் ஒரு பதற்றமும் இல்லை. "சொட்டு." "சரிங்க. கால் மடங்கியிருக்குதா பாருங்க." "இல்லம்மா, நேராத்தான் இருக்குது." "ஊசிக்கு மேல தொட்டுப் பாருங்க, வீக்கம் இருக்குதா? பன்னு மாதிரி?" தொட்டார். "இல்ல." "அப்பக் குழாயில எங்கியாச்சும் மடிப்பு இருக்கும். பாட்டில்ல இருந்து கையிலயே தடவிக்கிட்டு வாங்க, கண்ணுல தேடாதீங்க. காயில் சுத்துன கை, உங்களுக்குத் தெரியும்." கண்ணை மூடிக்கொண்டு தடவினார். ஜன்னல் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில், காற்றுக்கு ஆடிய கதவு குழாயைக் கடித்துக்கொண்டிருந்தது. கதவைத் தள்ளினார். துளி விழுந்தது. அடுத்தது. அடுத்தது. "உழுகுது" என்றார், அவர் காதுக்கே அவர் குரல் சின்னப் பையன் குரல் மாதிரி கேட்டது. "எனக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு, இங்கே ஆள் இறங்கியாச்சு, வெச்சறேன் என்று வைத்துவிட்டாள். கழுத்தளவு சாக்கடையில் கயிறு கட்டி ஆளை இறக்கிக்கொண்டிருக்கிற நேரத்தில் எனக்குத் தெரியுமே என்று சொல்ல ஒருத்திக்கு முடிகிறது. கம்பெனியில் முன்னூறு பேருக்கு மேலே இருந்த அதிகாரிகளில் இப்படி ஒருத்தரை அவர் பார்த்ததில்லை. அங்கே ஒருமுறை தீப்பிடித்த அன்றைக்கு முதல் ஆளாக வெளியே ஓடினவரெல்லாம் அதில் உண்டு.

இந்தக் கையைத்தான் அவள் நம்புகிறாள். அதுதான் தாங்க முடியவில்லை. அவள் இப்படி ஆனதே எதனால். சோமுவைத் தேடித்தான். ஆறு மாசம் தேடினாள், சிங்காநல்லூர், பீளமேடு, அவிநாசி ரோடு பூராவும், டவுன் பஸ்ஸிலும் நடந்தும், பையில் ஒரு போட்டோவும் ஒரு பொட்டலம் பிஸ்கெட்டும். ரோட்டில் படுத்திருக்கிற ஒவ்வொரு நாயையும் பக்கத்தில் போய்ப் பார்த்தாள், இதுவா என்று. அது சோமு இல்லை. ஆனால் அதற்குக் கால் உடைந்திருந்தது. இன்னொன்று சோமு இல்லை, அதன் தலையில் பிளாஸ்டிக் டப்பா மாட்டியிருந்தது. சோமுவாக இல்லாத நாய்களை எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் அவளுக்கு இந்தக் கண் வந்தது, இந்தக் கை வந்தது. பதினாலு வருசத்தில் நூறா, இருநூறா, அவள் எண்ணி வைத்ததில்லை. அப்படியானால் நான் செய்தது நல்லதுதானே என்று ஒரு குரல் மெதுவாக எழுந்தது. போன வாரமும் அது எழுந்தது. உன்னால்தானே இவை எல்லாம் பிழைத்தன, குளத்துமேடும் உன்னால்தான் இந்தத் துணியில் படுத்திருக்கிறது. எவ்வளவு நயமான குரல், அதே வீட்டுக்காரர் குரல் மாதிரி, வாசலில் நின்று பணிவாகப் பேசுகிற குரல். அவள் செய்ததில் உனக்கென்னடா பங்கு என்று அதை விரட்டினார். விரட்டினதும் அதன் பின்னால் நின்றுகொண்டிருந்தது தெரிந்தது. முதல் மூன்று நாள். அவரும் கூடப் போனார். லீவு போட்டுவிட்டுப் போனார். பீளமேட்டுச் சந்துகளில் அவள் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக, "சோமு! சோமு!" என்று, உரக்க, அவளுக்குக் கேட்கிற மாதிரி உரக்க. அந்தச் சந்துகளில் அவர் குரல் எதிரொலித்தது இப்போதும் காதில் இருக்கிறது. விட்டுவிட்டு வந்ததைவிட அதுதான் உறுத்தியது. சோமு அங்கே இல்லை என்று தெரிந்துகொண்டே அதன் பெயரைக் கூப்பிட்டதுதான். குளத்துமேடு கண்ணைத் திறந்தது. மஞ்சள் கலந்த கண். அவரைப் பார்த்தது, வேறு எங்கும் பார்க்கத் தெம்பில்லாமல் எதிரே இருந்ததைப் பார்த்தது, வால் நுனி துணியில் ஒருமுறை தட்டியது. இந்த மாதிரி எல்லாம் செய்யாதே என்று அவர் வாய்விட்டுச் சொன்னார். பாட்டில் கால்வாசிக்கு வந்திருந்தது. சொல்லக்கூடாது, இத்தனை வருசம் கழித்துச் சொல்லி என்ன, அவளுக்குத்தான் வலி, அவளுக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன். அவளுக்காகத்தானா. அறுபது வயசாகிறது, இன்னும் கண்ணாடியை மேலே திருப்பிக்கொண்டே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

கேட்டுச் சத்தம் கேட்டபோது மணி பன்னிரண்டு முக்கால். துளசிமணி உள்ளே வரவில்லை, பின்பக்கம் போய்த் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் வெகுநேரம் கேட்டது. வேறு சேலையில், ஈரக் கையோடு வந்து எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவள் கையில் எந்த நாயும் இல்லை. முழங்கையில் நீளமாக ஒரு சிராய்ப்பு. "ஆட்டோவுலயே போயிருச்சுங்க" என்றாள். "மேல தூக்குனப்ப உசுரு இருந்துச்சு. என் மடியில படுத்துட்டுத்தான் வந்துச்சு. கேட்டு போட்டிருந்தாங்க, ரயிலு போற வரைக்கும் நின்னோம். அந்த நேரத்துல." குழாயில் சொட்டு விழுகிறதா என்று பார்த்தாள். "கழுத்துல பட்டை இருந்துச்சு. நல்ல தோல் பட்டை. ஊட்டு நாய்ங்க. குழிக்குள்ள தானா உழுந்திருக்காது, அங்க வீடே இல்ல. ஆரோ கொண்டாந்து உட்டுட்டுப் போயிருக்கறாங்க. அவங்கள எனக்குத் திட்டக்கூடத் தோணலைங்க. ஊட்டுக்குப் போய் எப்படிச் சோறு திம்பாங்கன்னுதான் நெனச்சுட்டே வந்தேன்." அவர் தலை குனிந்தே இருந்தார். வாய் தானாகத் திறந்துகொண்டது, சொட்டு விழுகிற மாதிரி, அதில் அவருடைய வேலை ஒன்றும் இல்லை. "சோமு ஓடிப்போகல, துளசி" என்றார். "நான்தான் கொண்டுபோய் உட்டுட்டு வந்தேன்."

கத்துவாள், எழுந்து போவாள், கையில் இருக்கிற காலைப் பிடுங்கிக்கொள்வாள் என்று ஒவ்வொன்றாக அவர் காத்திருந்தார். வெளியே காய்கறி வண்டிக்காரர் தக்காளி என்று கூவிக்கொண்டு போனார். "எங்க?" என்று கேட்டாள். "காரணம்பேட்டை தாண்டி." "தாண்டின்னா எவ்வளவு தூரம்? ரோட்டுக்கு எந்தப் பக்கம்?" யாராவது போன் செய்து அடிபட்ட நாய் ஒன்று கிடக்கிறது என்று சொன்னால் கேட்பாளே, அதே கேள்விகள், அதே குரல். "பல்லடம் போற பக்கம், இடது கைப் பக்கம். டீக்கடை ஒண்ணு. எதுக்கால கருவேலங்காடு." "காத்தாலயா, பொழுதோடயா?" "காத்தால." "சாப்புட்டிருந்துச்சா?" "பன்னு வாங்கிப் போட்டேன்." "பட்டை?" "கழட்டிட்டேன்." "எதுக்குங்க?" "ஆராச்சும் பாத்துட்டு, கொண்டாந்து குடுத்துருவாங்கன்னு." இதைச் சொன்னதும் அறையே சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. துளசிமணி முந்தானையை எடுத்து ஈரம் எப்போதோ காய்ந்துவிட்ட கையைத் துடைத்தாள், விரல் விரலாக. "நான் அந்தப் பக்கம் போகவே இல்லீங்க" என்றாள். "அவிநாசி ரோட்டுல ஒரு கல்லு பாக்கி இல்ல. அந்தப் பக்கம் ஒரு நாளும் போகல." முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டே, "நீங்களும் வந்து கூப்புட்டீங்களே" என்றாள். ஆமா என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது. அவர் நினைத்திருந்த எந்தத் தண்டனையிலும் இந்த ஒரு வாக்கியம் இல்லை.

அவள் போனை எடுத்தாள். மகளுக்குத்தான் பேசப்போகிறாள் என்று நினைத்தார். நியாயம்தான், சுகந்திக்கும் தெரியவேண்டியதுதான். ஆனால், "ராஜாமணியக்காளா? நான் இருகூர் நாய்க்காரம்மா பேசறேனுங்க" என்று தொடங்கினாள். காரணம்பேட்டைப் பக்கம் இட்லிக்கடை வைத்திருக்கிற அம்மா அது, போன வருசம் லாரி அடித்த நாயைத் தூக்கிக்கொண்டுவந்து கொடுத்தவள். "அக்கா, உங்க மாமியாரு அந்த ரோட்டுலதான் டீக்கடை வெச்சிருந்தாங்கன்னு சொன்னீங்கல்ல. அவங்ககிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. பதினாலு வருசமாச்சு. தீபாவளிக்கு மக்காநாளு அங்க ஒரு நாய் வந்திருக்கும். செவலை. வலது காது மடிஞ்சிருக்கும். மூக்கு மேல சின்னதா ஒரு தழும்பு, பூனை பிராண்டுனது. பேரு சோமு." வெள்ளிங்கிரி நிமிர்ந்து பார்த்தார். போட்டோ எதுவும் கையில் இல்லை, அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, நேற்றுக் காணாமல் போனதைச் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். "தயிர்ச்சோறு திங்கும், கொழம்பு ஊத்துனா தொடாது. இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கும். கடிக்காதுங்க, பயந்த நாய். வான்னா வராது, ஏறுன்னு சொல்லோணும்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்லக்கா, உசுரோட இருக்காது, தெரியும். அது எத்தன நாளு அங்க இருந்துச்சு, ஆரு சோறு போட்டாங்க, எங்க படுத்துச்சு, அதுதான் தெரியோணும். ஆராச்சும் வெச்சிருந்தா அவங்களப் பாத்துட்டு வரலாமுன்னு." மறுபடி ஏதோ கேள்வி. துளசிமணியின் குரல் அங்கேதான் கொஞ்சம் தடுக்கியது. "எங்க ஊட்டுக்காரருன்னா அதுக்கு உசுருங்க. எங்க கண்டாலும் ஓடியாந்துரும்."

போனை வைத்துவிட்டுச் சுவரோரமாக அப்படியே உட்கார்ந்திருந்தாள். கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்கள், மாமியார் தூங்குகிறாராம், எழுந்ததும் கேட்பார்களாம். கிடைத்தாலும் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அழுகிறாளா என்று பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. அழுதுகொண்டுதான் இருந்தாள், சத்தமில்லாமல். ஆனால் அழுதுகொண்டே கை நீட்டி நாயின் உதட்டைத் தூக்கி ஈறில் பெருவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். அவரும் குனிந்து பார்த்தார். வெள்ளையாக இருந்த இடத்துக்கு ஓரத்திலிருந்து, வெகு மெதுவாக, ஒரு இளஞ்சிவப்பு ஊறி வந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பதினாலு வருசம் ஒரு ஆளைத் தெரியாமல் அவரோடு வாழ்ந்துவிட்டதைத் தெரிந்துகொண்ட அந்த நேரத்தில்கூட இவளுடைய விரல் நடுங்கவில்லையே என்று வெள்ளிங்கிரி நினைத்தார், அப்புறம், இல்லை, நடுங்குகிறது, நடுங்கிக்கொண்டேதான் வேலை செய்கிறது, எப்போதும் அப்படித்தான் செய்திருக்கும், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை என்று நினைத்தார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் பக்கம் கையை நீட்டினாள். "கை மரத்துப் போயிருக்கும். குடுங்க இப்படி. நீங்க போய்ச் சாப்புடுங்க." மரத்துத்தான் போயிருந்தது, தோள் வரைக்கும். ஆனால் அந்தக் காலை எடுத்து அவள் கையில் வைக்க அவருக்கு மனசு வரவில்லை. "நானே புடிச்சுக்கறேன், துளசி" என்றார். அவள் அப்போதுதான் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள், ரோட்டில் எதிரே வந்து நிற்கிற புது நாயைப் பார்க்கிற மாதிரி, கிட்டே போகலாமா, எங்கே அடிபட்டிருக்கிறது, எவ்வளவு நாளாக இப்படி என்று. நீட்டின கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப நேராப் புடிங்க" என்றாள்.